ஓலைப்பெட்டிக்குள் நாலு மூச்சு

காது

விடிவதற்கு முன்பே கரையில் வள்ளங்களைத் தள்ளும் குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் நான் எழுந்து, கூண்டின் மேல் கிடக்கும் பழைய சேலையை விலக்குகிறேன். விளக்கைப் போடுவதில்லை. கையை உள்ளே நீட்டினால் முதலில் மீசை முடிகள் விரலில் படும். நொடிக்கு எட்டுப் பத்து முறை முன்னும் பின்னும் அசைகிற முடிகள். இருட்டில் அவற்றுக்கு அதுதான் கண். என் கைதான் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக ஏறி வரும்.

ஒவ்வொன்றையும் எடுத்து அதன் விலாவை என் காதோடு சேர்த்துப் பிடிப்பேன். நிமிடத்துக்கு 80, 100 முறை போய்வரும் மூச்சு. அது ஓசையே இல்லாமல் இருந்தால் நல்லது. கரகரப்போ, மெல்லிய சீழ்க்கையோ கேட்டால் அன்றைக்கு மற்ற வேலைகளெல்லாம் பின்னால் போகும்.

நாலு எலிகள். நாலும் பெண். வெள்ளை உடம்பும் சிவந்த கண்ணும் உள்ளது சிப்பி. கரும்பழுப்பாக இருப்பது கருப்பட்டி. காய்ந்த குருத்தின் நிறத்தில் இருப்பது ஓலை. எல்லாவற்றிலும் சின்னதாய், தொட்டால் நழுவுவது நுங்கு. சென்னையில் படித்துக்கொண்டிருந்த தம்பி மகள் வளர்த்தவை. வெளிநாட்டுக்குப் போகும்போது இங்கே, மணப்பாட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். “நாலையும் பிரிச்சிராதீங்க அத்தை. ஒத்தையா விட்டா வாடிப்போயிரும்” என்றாள். வேறு எதையும் அவள் வற்புறுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மை கூண்டைப் பார்த்துவிட்டு, “எலியை விரட்டத்தானே பிள்ள வழி தேடுவாவ?” என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

கொட்டான்

கம்பிக்கூண்டு வந்த மூன்றாம் மாதமே மூலைகளில் துரு ஏறியது. உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடுவதில்லை. துருவை நக்கினால் கெடுதல் என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். பிறகு தச்சரிடம் சொல்லி மரச்சட்டம் அடித்து, துருப்பிடிக்காத வலை போட்டுக்கொண்டேன். கதவுக்கு இரண்டு கொண்டி. இரவில் கூரை ஓட்டின் மேல் ஓடுகிற வீட்டெலிகள் இவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் அந்த வழியில்தான் வரும். இவற்றைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவது எனக்கு இப்போது செபம் போலப் பழகிவிட்டது.

படுக்கைக்குக் கிழிந்த பருத்திச் சேலை. அதையே நாலு மூலையில் கட்டினால் தூளி. பகல் முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக அந்தத் தூளியில் கிடக்கும். எந்த வால் யாருடையது என்று சொல்ல முடியாது. சேலைத் துணியை இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்தாக வேண்டும். மூத்திரத்தின் நெடி எழுந்தால் அவற்றின் நுரையீரல்தான் முதலில் கெடும். நெடி என் மூக்குக்கு எட்டும்போது அவை பலமணி நேரமாக அதற்குள் மூச்சு விட்டிருக்கும்.

மணப்பாட்டுப் பெண்களுக்குப் பனையோலை கைக்குள் வளர்ந்தது. அம்மா நினைவு தெரிந்த நாளிலிருந்து பெட்டி முடைந்தாள். ஓலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, அகலம் மாறாமல் கிழித்து, மூடி போட்ட கொட்டான்களாக முடைந்து அடுக்குவாள். எனக்கு அந்தக் கை வரவில்லை. ஆனாலும் இவற்றுக்காக, சாயம் ஏற்றாத வெள்ளோலையில், கோணல்மாணலாக மாதம் நாலைந்து கொட்டான் முடைந்து வைக்கிறேன். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை, ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். கடித்துத் தேய்க்காவிட்டால் பல்லே வாயைப் பூட்டிவிடும். அந்தப் பல்லின் வெளிப்பக்கம் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து முதலில் பயந்தேன். அது அழுக்கல்ல, பல்லின் மேல்பூச்சில் கலந்திருக்கும் இரும்பு என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரத்தில் என் கொட்டான் தும்பு தும்பாகிவிடும். முடைவதும் கடிபடுவதுமாக வாரங்கள் போகின்றன. முடைந்தது வீணானதாக ஒரு நாளும் தோன்றியதில்லை.

பானை

கோடையில் ஊர் முழுக்க வெள்ளை மணல் கொதிக்கும். கடற்காற்று ஓய்கிற நண்பகலில் கூண்டுக்குள் நாலும் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடும். எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும் சூட்டைத் தணித்துக்கொள்ளாது. அதன் வால்தான் அதற்கு வழி. முடியில்லாத அந்த வாலுக்குள் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பின் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். பார்க்கிறவர்கள் அருவருக்கிற அந்த வால் ஒரு விசிறி. ஏறும்போது நிலைநிறுத்துகிற துடுப்பும் அதுதான்.

முப்பது டிகிரியைத் தாண்டினால் அவை திணறத் தொடங்கும். அதனால் மண்பானை ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, கூண்டுக்குள் சாய்த்து வைக்கிறேன். பானையின் ஈரம் காற்றில் போகப் போக உள்ளே குளிரும். நாலும் அதற்குள் போய், வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுக்கும். கூண்டின் ஒரு பக்கத்துக்கு ஈரத்துணி. மறுபக்கம் காற்றுக்குத் திறப்பு. சித்திரை, வைகாசி முழுக்க இதுதான் என் பகல். பானை காய்ந்துவிட்டதா என்று அரைமணிக்கொருமுறை தொட்டுப் பார்க்கையில் மனம் வேறெங்கும் அலைவதில்லை.

பதுக்கல்

காலையில் கம்பும் கேழ்வரகும் கலந்த ஒரு பிடி. முளைகட்டிய பயறு. அவித்த முட்டையில் கொஞ்சம். கரையிலிருந்து நெத்திலி வந்தால் உப்புப் போடாமல் அவித்து ஆளுக்கொன்று. பனங்கிழங்குக் காலத்தில் அவித்த கிழங்கின் ஒரு துண்டு. அதன் நாரை உரித்து உரித்து ஒரு மணி நேரம் தின்னும்.

புதிய தீனியை எலி உடனே தின்பதில்லை. ஒரு கொறி கொறித்துவிட்டு ஒதுங்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். அதனால்தான் இத்தனை எச்சரிக்கை. ஆனால் ஒன்று தின்றுவிட்டு வந்தால் மற்றவை அதன் வாயருகே மூக்கை வைத்து முகரும். துணையின் மூச்சில் இருக்கும் வாசனைதான் அவற்றுக்கு நம்பிக்கை. இது தின்னத் தகுந்தது என்று அப்படித்தான் அவை தெரிந்துகொள்கின்றன. பனங்கிழங்கை முதலில் கருப்பட்டிதான் தின்றது. மற்ற மூன்றும் அதன் வாயை முகர்ந்துவிட்டுத்தான் தங்கள் துண்டுக்குப் போயின.

தின்றது போக மிச்சத்தைக் கொட்டானுக்கடியில் பதுக்கும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு குழியில் அறுபது எழுபது பயறு கிடக்கும். புறநானூற்றின் 190-ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையை நிரப்பும் எலியைப் போன்றவர்களின் நட்பு தனக்கு வேண்டாம் என்கிறான்; புலியைப் போன்றவர்களின் நட்பையே விரும்புகிறான். அது அரசனின் பார்வை. நான் வளர்ந்த வீட்டில், கடல் அடங்காத நாட்களுக்கென்று அம்மா கருவாட்டையும் ஒரு படி அரிசியையும் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைப்பாள். வள்ளம் இறங்காத மூன்றாம் நாள் அது வெளியே வரும். கைக்கு மிஞ்சியதை நாளைக்கென்று வைப்பது பசியை அறிந்தவர்களின் பழக்கம். அதனால் குழியைச் சுத்தம் செய்யும்போது, அழுகக்கூடியதை மட்டும் எடுத்துவிட்டு உலர்ந்த பயறை அப்படியே விட்டுவிடுகிறேன்.

வந்த வழி

வீட்டுக் கூரையில் ஓடும் கறுப்பெலியின் பூர்வீகம் நம் தெற்காசிய நிலம். மிளகும் முத்தும் போன கப்பல்களில் அதுவும் போயிற்று. ரோமானியர் காலத்திலேயே ஐரோப்பாவை எட்டிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்குக் கப்பலெலி என்றே ஒரு பெயர் உண்டு. என் கூண்டில் இருப்பவை இன்னொரு இனம். வட ஆசியாவின் குளிர்ந்த நிலங்களிலிருந்து கிளம்பிய பழுப்பெலியின் வழிவந்தவை. லண்டனில் விக்டோரியா அரசியின் எலிபிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடித்தவற்றில் நிறம் மாறியவற்றைக் கொல்லாமல் வளர்த்தார். 1901-இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் இங்கிலாந்தின் எயில்ஸ்பரியில் நடந்த கண்காட்சியில் வளர்ப்பெலிகளுக்கும் இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில், 1906-இல், அமெரிக்காவின் விஸ்டார் நிலையத்தில் வெள்ளெலியை ஆய்வுக்கென்றே பெருக்கத் தொடங்கினார்கள்.

சிப்பியின் முன்னோர் அந்த வெள்ளைக் கூட்டம்தான். நான் காலையில் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரை மனிதர்களுக்கு வருமுன் அதன் கூட்டத்தார் வயிற்றுக்குள் போய்த்தான் வந்திருக்கும். மாத்திரையை வாயில் போடும்போது அது தூளியிலிருந்து தலையைத் தூக்கி, இடமும் வலமும் மெல்ல ஆட்டும். பார்வை மங்கிய வெள்ளெலிகள் தூரத்தை அளக்க அப்படித்தான் தலையை ஆட்டும். ஒரு மிடறு தண்ணீரோடு அந்தக் கடனையும் நினைத்துக்கொள்கிறேன்.

உவரி

எங்கள் ஊருக்குத் தெற்கே கடலோரமாகப் போனால் உவரி வரும். அந்தோணியார் கோயில் உள்ள ஊர். திருக்குறளின் 763-ஆம் குறளில் அந்தச் சொல் கடல் என்ற பொருளில் வருகிறது. எலிகளெல்லாம் பகைகொண்டு கடல்போல் இரைந்தாலும் நாகம் ஒரு மூச்சு விட்டால் கெட்டழியும் என்பது அதன் கருத்து. வள்ளுவர் படைமாட்சிக்குச் சொன்னது அது. எனக்கு அதில் கடலும் எலியும் மூச்சும் ஒரே இடத்தில் வந்து நிற்பதுதான் கண்ணில் படுகிறது.

நாலு எலிகள் இருந்தும் வீட்டில் சத்தமே இல்லை. ஆனால் அவை பேசாமல் இருப்பதில்லை. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். எலிகள் விளையாடும்போது எழுப்பும் ஒலி 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. 1990-களில் யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர், எலிகளை விரலால் கிச்சுக்கிச்சு மூட்டியபோது அதே ஒலி எழுவதைக் கருவியில் கேட்டார். அதைச் சிரிப்பின் முன்வடிவம் என்றே அவர் கருதினார். அஞ்சும்போது எழும் ஒலி வேறு. அது 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இழுத்து வரும். அதுவும் நம் காதுக்கு எட்டாது.

மாலையில் ஓலையைப் பாயில் மல்லாத்தி வயிற்றில் விரலால் வருடினால், விட்டதும் ஓடிப்போய்த் திரும்ப என் கையைத் துரத்தி வரும். அதன் வாய் அசைவதில்லை. எனக்கு எதுவும் கேட்பதுமில்லை. மலைக்கோயில் மணி, அலை, கச்சான் காற்று எல்லாம் கேட்கிற அதே கூடத்தில், என் கைக்கு எதிரே ஒரு சிரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். செப்டம்பர் 1-ஆம் தேதி சிலுவைக் கோயிலில் கொடியேறினால் 14-ஆம் தேதித் திருநாள் வரை ஊர் ஒலியால் நிறையும். அந்த நாட்களில் கூண்டை உள்ளறைக்கு நகர்த்தி, கனத்த துணிகளைத் தொங்கவிடுகிறேன். நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலிகளும் அவற்றுக்குக் கேட்கும்.

மறைத்தல்

எலி தன் நோவைக் காட்டாது. பருந்துக்கும் பாம்புக்கும் பூனைக்கும் இரையாக வாழ்ந்த இனம். தளர்ந்தது தெரிந்தால் அவை முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் நோய் முற்றும் வரை ஒன்றும் இல்லாததுபோல நடக்கும், தின்னும். வளர்க்கிறவர் அது மறைப்பதைக் கண்டுகொள்ள வேண்டும்.

சின்ன அடையாளங்கள்தான். கண் ஓரத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பாகக் கசிவு இருந்தால் அது இரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் நீர். நலமாக இருக்கும் எலி அதை உடனே கழுவிக்கொள்ளும். கழுவாமல் விட்டிருந்தால் உடம்போ மனமோ சரியில்லை என்று பொருள். முடி சிலிர்த்து நிற்பது, முதுகு வளைவது, தூளிக்கு ஏறாமல் கீழேயே படுப்பது, பிடித்த நெத்திலியை வாங்கி வைத்துவிட்டுத் தின்னாமல் இருப்பது எல்லாம் அடையாளம். வாரம் ஒருமுறை சமையல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதுகிறேன். 20 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. நோட்டுக்குத் தெரியும். அக்குளிலிருந்து அடிவயிறு வரை விரலால் தடவிப் பார்ப்பேன். பெண் எலிகளுக்கு மார்பில் கட்டி வருவது மிகவும் சகஜம்.

இதையெல்லாம் எழுதும்போது அம்மா நினைவு வருகிறது. கடைசி வருடத்தில் அம்மா கொட்டான் முடைவதை நிறுத்தவில்லை. எண்ணிக்கை மட்டும் குறைந்தது. நாளுக்கு நாலு முடைகிறவள் இரண்டு முடைந்தாள், பிறகு ஒன்று. ஓலை சரியில்லை என்று சொன்னாள். நான் ஓலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வலது கையைத் தூக்காமல் இடது கையால் தலை சீவியதைப் பார்த்தும் பார்க்கவில்லை. தெரிந்தபோது மருத்துவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவளை யாரும் நோவு உண்டா என்று கேட்டுப் பழக்கவில்லை. அதனால் அவளுக்குச் சொல்லவும் வரவில்லை. தராசும் நோட்டும் அன்றைக்கு என் கையில் இருந்திருக்க வேண்டியவை.

விளக்கும் துடைப்பமும்

ஊரில் சவேரியார் தங்கிய குகையைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். 1542-இல் அவர் இந்தக் கரைக்கு வந்தார். மேட்டின் மேல் இருக்கும் சிலுவைக் கோயில் 1581-இல் எழுந்தது. அப்போது கடல்களுக்கு அப்பால், பெரு நாட்டின் லிமா நகரில், மார்ட்டின் தே போரஸ் என்ற பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு வயது. கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். நாவிதமும் மருத்துவமும் கற்று, தொமினிக்கன் மடத்தில் துடைப்பமும் மருந்துப் பெட்டியுமாக வாழ்ந்து 1639-இல் இறந்தார். மடத்துத் துணிகளை எலிகள் கடித்தபோது நஞ்சு வைக்கவிருந்தவர்களைத் தடுத்து, எலிகளிடம் தோட்டத்துக்குப் போங்கள், தினமும் தீனி தருகிறேன் என்று சொன்னாராம். அவை போயினவாம். அவர் படங்களில் நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் தின்பதாக வரைவார்கள். 1962-இல் புனிதராக்கப்பட்டார். நவம்பர் 3 அவர் நாள்.

வேதாரண்யத்தில் இன்னொரு எலி உண்டு. திருமறைக்காட்டுக் கோயில் விளக்கில் நெய் தின்ன வந்த எலியின் மூக்கைத் திரி சுட, அது துள்ளியதில் அணையவிருந்த விளக்கு தூண்டப்பட்டு எரிந்ததாம். அதற்காக அது மறுபிறப்பில் மகாபலிச் சக்கரவர்த்தியானது. அப்பர் தேவாரத்தில் இந்தக் கதை வருகிறது. அந்த எலி புண்ணியம் எதையும் நினைத்து வரவில்லை, பசித்து வந்தது. அந்தப் பசியைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாத பார்வை இந்த இரண்டு கதைகளிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கு மார்ட்டின் கதையைச் சொன்னேன். மறுநாள் ஒரு கைப்பிடி கம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

நுங்கு

எலியின் ஆயுள் இரண்டு, இரண்டரை ஆண்டு. மூன்றைத் தொட்டால் பெரிது. இது முதல் நாளே தெரிந்திருந்தும் மனம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு விடிகாலை நுங்கின் விலாவில் கரகரப்புக் கேட்டது. நுரையீரலைத் தாக்கும் ஒரு நுண்கிருமி பெரும்பாலான எலிகளின் உடம்பில் குட்டியிலிருந்தே ஒளிந்திருக்கும். குளிரும் ஈரமும் முதுமையும் அதை எழுப்பிவிடும். மருத்துவர் தந்த மருந்தை ஒரு சொட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் உயிர். வாய் திறந்தால் அதற்கு வேறு வழியில்லை என்று பொருள்.

அன்றிரவு கருப்பட்டி அதன் மேல் ஏறிப் படுக்காமல் பக்கத்தில் ஒட்டிப் படுத்தது. காதையும் கழுத்தையும் வெகுநேரம் நக்கிக் கோதியது. விடியும்போது நுங்கு குளிர்ந்திருந்தது. உடலை உடனே எடுக்கவில்லை. துணை எங்கே போயிற்று என்று மற்றவை தேடாமல் இருக்க, அவற்றுக்கு அதைத் தெரிந்துகொள்ள நேரம் விட வேண்டும் என்று தம்பி மகள் சொல்லியிருந்தாள். மூன்றும் வந்து முகர்ந்தன. சிப்பி ஒரு துண்டுச் சேலையை இழுத்து அதன் மேல் போட்டது. அது எதற்கென்று நான் பொருள் சொல்ல மாட்டேன்.

பரணில் அம்மா முடைந்தவற்றில் மூடியுள்ள கொட்டான் ஒன்று மிச்சம் இருந்தது. கடைசியாக முடைந்தது. ஓரம் சற்று இளகலாக இருக்கும். இத்தனை வருடம் அதை எதற்கும் எடுத்ததில்லை. நுங்கு அதற்குள் சரியாக அடங்கியது. கொல்லையில் வடலிப் பனையடியில், நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி எடுத்து வைத்தேன். பெரியம்மை வந்து ஒரு கை மணல் போட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் போனாள்.

இரவு

இப்போது மூன்று. கருப்பட்டிக்கும் பின்னங்கால் தளர்ந்து வருகிறது. தூளியைத் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன். ஏறுவதற்குப் பனைமட்டையில் ஒரு சாய்வு வைத்திருக்கிறேன். கம்பைக் குழைய வேகவைக்கிறேன். நோட்டில் நுங்கின் பத்தி ஒரு தேதியோடு நிற்கிறது, மற்ற மூன்றும் இறங்கி வருகின்றன.

நேற்று இரவு கடல் முரடாக இருந்தது. வாடைக்காற்றில் அலை மேட்டின் அடியில் மோதி, ஊர் முழுக்க இரைச்சல். நல்ல உறக்கத்தில் இருந்தேன். எதுவோ எழுப்பியது. எழுந்து உட்கார்ந்து கேட்டேன். அலைதான். மறுபடி அலை. அதற்குள், கூண்டின் பக்கத்திலிருந்து, ஒரு தும்மல்.

ஓலையின் தும்மல். சிப்பியினுடையது சற்றுத் தடித்திருக்கும். எழுந்து போய்ச் சேலையை விலக்கி, கையை நீட்டினேன். மீசை முடி விரலில் பட்டது.